காட்டிலும் தீவிலும் தன்னார்வலர் குழுவை வழிநடத்துவது: ஊர் மக்களோடு சேர்ந்து செய்ய ஆலோசனை வேண்டும்

கேள்வி: நாகம்மை, காரைக்குடி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது எங்கள் இயற்கை மன்றத்து மாணவர்களை வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு அழைத்துச் செல்வதும், மழைக்குப் பின் மண் இளகியிருக்கும் நாள்களில் ஊருணிக் கரைகளில் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்க வைப்பதும் எனக்குப் பழக்கமான வேலைகள். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் எங்கே போனாலும் யாராவது தெரிந்தவர் இருப்பார். கண்மாய்க் கரையில் யாரைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பதும் தெரியும்.

இப்போது ஒரு பாதுகாப்பு நிறுவனம், மாணவர்களும் வெளியூர் இளைஞர்களும் கலந்த தன்னார்வலர் குழு ஒன்றுக்கு என்னைத் தலைமையேற்கச் சொல்கிறது. முதலில் ஆனைமலைப் பகுதியில் மழைக்காட்டு நாற்றங்கால் வேலையும் களைச்செடி அகற்றும் வேலையும். அடுத்து பாக் விரிகுடாக் கரையில் கடற்புல் தொடர்பான வேலை. இவ்விரண்டும் சரியாக அமைந்தால் அந்தமானில் ஒரு பருவம். திட்டக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் "சமூகப் பங்கேற்பு" என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சமூகம் யார், அவர்களை யார் கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு உள்ள ஐயங்களைச் சொல்லிவிடுகிறேன். இருபது வயதுப் பிள்ளைகளை இரண்டு வாரம் கூட்டிக்கொண்டு போய், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு முன்னால் நின்று "பாதுகாப்பு" செய்வது என்பது எப்படி முறையாகும்? குழுத் தலைவர் என்பவர் நிறுவனத்துக்குப் பொறுப்பா, ஊருக்குப் பொறுப்பா, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பொறுப்பா? வெளிநாட்டில் இத்தகைய முகாம்களுக்கு ஆளுக்கு இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள்; அங்கே ஒரு முறை போய்க் கற்றுக்கொண்டு வருவது தேவைதானா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வனவர், திருப்பத்தூர்

அம்மா, வணக்கம். நீங்கள் போய்வரும் வேட்டங்குடிக் கண்மாய்ப் பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டியிலிருந்தே தொடங்குகிறேன். வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆனால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வேட்டுப் போடுவதில்லை என்ற கட்டுப்பாடு எந்த அரசாணையாலும் வந்ததன்று. ஊர் தானாக விதித்துக்கொண்டு, தலைமுறையாகக் காத்துவருவது. நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும் மாதங்களில் அங்கே காவலுக்கு நிற்பவர்கள் எங்கள் துறையினர் மட்டுமல்லர். வேடந்தாங்கலை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் பழையது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று கண்ட மக்கள், துப்பாக்கியோடு வேட்டைக்கு வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி 1798இலேயே அன்றைய செங்கற்பட்டு கலெக்டரிடம் எழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். சமூகப் பாதுகாப்பு என்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இடத்துக்குத்தான் பெரும்பாலும் நாம் போய்ச் சேருகிறோம். அதைத் தொடங்கிவைக்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு போகிற குழுத் தலைவருக்கு முதல் நாளே சிக்கல் வரும்.

ஆகவே குழுவை அழைத்துச் செல்வதற்கு முன்பு நீங்கள் தனியாக ஒரு முறை போய்வர வேண்டும். கையில் திட்டக் குறிப்பு இல்லாமல் போவது நல்லது. வால்பாறைப் பக்கம் "ஊர்" என்றால் ஒன்றல்ல. தலைமுறைகளுக்கு முன் சமவெளியிலிருந்து மலையேறிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு பக்கம். காடர், முதுவர், மலசர், புலையர் குடியிருப்புகள் இன்னொரு பக்கம். முன்னவர்க்குக் காடு என்பது இரவில் யானை இறங்கி வரும் திசை. பின்னவர்க்கு அது தேனும் கிழங்கும் குலதெய்வமும் இருக்கும் வீடு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடிக் குடியிருப்புகளின் கிராம சபைக்குத் தங்கள் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு. வனத்துறை அனுமதி கையில் இருக்கிறது என்பதற்காகக் கிராம சபையைக் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். கிராம சபை சொல்லிவிட்டது என்பதற்காகக் கோட்ட அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் புலிகள் காப்பகத்துக்குள் கால் வைக்கவும் வேண்டாம். இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் நாள் பிடிக்கும். நிறுவனம் தேதியை அச்சடித்து வெளியிடுவதற்கு முன்பே இவை முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாகச் சொல்லலாம்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்ணிச்செடி என்ற களையை அகற்றுவது பார்வைக்கு எளிது. பிள்ளைகள் அரிவாளை எடுத்து வெட்டித் தள்ளி மாலைக்குள் ஒரு மைதானத்தையே திறந்து காட்டிவிடுவார்கள். அடுத்த மழைக்கு வெட்டிய கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். செய்யவேண்டிய முறை வேறு: தூரைச் சுற்றி மண்ணைத் தள்ளி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே குந்தாலியால் ஒரே வெட்டாக வெட்டி, செடியை அப்படியே தூக்கி வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும், மண்ணைத் தொட்டால் மறுபடி வேர் விட்டுவிடும். இப்படிச் செய்தால் ஒரு நாளில் திறக்கும் பரப்பு மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதோடு விதை மண்ணில் கிடக்கும், பறவைகளும் கொண்டுவந்து போடும். ஆதலால் தொடர்ந்து சில ஆண்டுகள் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் தன்னார்வலர் அல்லர், அங்கேயே குடியிருப்பவர். எனவே அந்தக் குடியிருப்பினர் கூலியோடு தொடர்ந்து பராமரிக்க முடிகிற பரப்பு எவ்வளவோ அவ்வளவை மட்டுமே உங்கள் குழு திறக்கட்டும். கூடுதலாகத் திறந்துவிட்டு வருவது காட்டுக்குக் கெடுதல். வெயில் விழுந்த வெற்றிடத்தில் வேறொரு களை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாற்றங்காலில் பொறுமை இன்னும் வேண்டும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை, நம் ஊர்ப் புளியைப் போலக் காயவைத்து டப்பாவில் எடுத்து வைக்கத் தக்கதன்று. வெடிப்பலா போன்றவற்றின் விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். பொறுக்கிய சில நாள்களுக்குள் மண்ணில் இருக்க வேண்டும். எந்த மரம் எந்த மாதத்தில் காய் உதிர்க்கும், எந்த மரத்தடியில் சிங்கவால் குரங்கு தின்று சிந்திய விதை கிடக்கும் என்பதெல்லாம் அங்குள்ள வயதானவர்களுக்குத் தெரியும். அவர்களை "வழிகாட்டி" என்று ஒரு நாள் கூலிக்கு வைத்துக்கொள்வதைவிட, பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் என்று அமர்த்தி அதற்குரிய ஊதியம் தருவதே முறை.

இன்னொன்று. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் கைப்பேசிச் செய்தியாலும், உயரமான இடங்களில் எரியும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் யானைகளையும் மனித உயிரிழப்பு நடந்த இடங்களையும் பதிந்து, வனத்துறையோடும் தோட்டங்களோடும் பேசி உருவாக்கியது அது. விளக்கைப் போடும் பொறுப்பு அந்தந்த இடத்திலேயே வாழும் ஆள்களிடம் இருப்பதால்தான் அது நிலைத்து நிற்கிறது. இரவுக் காவலுக்கு வெளியூர்ப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தால் ஒரு பருவத்தோடு முடிந்துபோயிருக்கும் என்பது என் கருத்து.

---

மறுமொழி 2: தொண்டிக்கரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் நாட்டுப்படகு மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவன், படித்தது கடலியல். பெரியவர் காட்டைப் பற்றிச் சொன்னார், நான் கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரைக்கு வருகிற குழுக்களில் பெரும்பாலானவை காலை எட்டு மணிக்குக் கூட்டம் போடுகின்றன. அந்த நேரத்தில் ஆண்கள் படகில் இருப்பார்கள் அல்லது வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்; பெண்கள் ஏலத்தில் இருப்பார்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் வேலையில்லாத சிலர் மட்டுமே. அவர்கள் தலையாட்டியதை "ஊர் ஒப்புக்கொண்டது" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இவை தெரியாமல் நாள் குறிப்பவர் எந்தக் கரையிலும் குழு நடத்த முடியாது. மீனவர் சங்கத்தையும் ஊர்த் தலைவரையும் பார்த்த பிறகு, பெண்களின் சுயஉதவிக் குழுவைத் தனியாகவும் பாருங்கள். ஊர்க்கூட்டத்தில் பேசாதவர்கள் அங்கே பேசுவார்கள்.

கடற்புல் வேலை என்றால் ஆவுளியா என்ற கடற்பசுவைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இதற்கென அமைந்த முதல் காப்பகம் அதுதான். ஆவுளியா கடற்புல்லை மேய்ந்து வாழ்வது, ஈற்றுக்கு ஒரே கன்று போடுவது, மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டியது. வலையில் சிக்கினால் சற்று நேரத்தில் மூச்சடைத்துச் செத்துவிடும். அதை உயிரோடு விடுவிக்கும் மீனவர் தன் வலையைத் தானே அறுக்கிறார். வனத்துறை அவ்வாறு விடுவித்தவர்களைப் பாராட்டி ஊக்கத்தொகை வழங்கியிருக்கிறது, அது நல்ல செயல். ஆனால் உங்கள் குழுவிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, வலையறுத்த அந்த மனிதருக்கே ஆவுளியாவின் அருமையைப் பற்றி வகுப்பெடுக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். விழிப்புணர்வுக் கூட்டம் என்ற ஒன்றை நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, கடலில் எந்தப் பகுதியில் புல் குறைந்திருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து, இழுவலை எங்கே ஓடுகிறது என்று அவரிடம் கேட்டுப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

புல் நடும் வேலையில் தன்னார்வலருக்கு உண்மையாகவே இடம் இருக்கிறது. மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கிழங்குத் தண்டோடு எடுத்த புல் நாற்றுகளை அதில் முடிந்து, ஆழமில்லாத அடிமணலில் இறக்கிப் பதிய வைப்பார்கள். மூங்கிலும் கயிறும் மக்கிப்போகும், புல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கரையில் உட்கார்ந்து நாற்று முடிவது நிறையக் கைகள் தேவைப்படும் வேலை. வெயில் படாமல், கடல்நீர் வற்றாமல் விரைவாக முடிய வேண்டும். கலங்கிய தண்ணீரில் இறக்குவதும் பிறகு மாதந்தோறும் முங்கிப் பார்த்துப் பிழைத்த நாற்றை எண்ணுவதும் உள்ளூர் முங்குவோரின் வேலை. அதைத் தன்னார்வலருக்குக் கொடுத்தால் நட்ட புல்லை அவர்கள் காலாலேயே மிதித்துவிடுவார்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்குப் போகலாமா என்று உங்கள் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. அத்தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த காலம் இருந்தது, இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அந்தத் தீவுகளைச் சுற்றித் தலைமுறையாகக் கடற்பாசி எடுத்து வாழ்ந்த பெண்களுக்கு அந்தப் பூங்கா அறிவிப்பால் பிழைப்பே கேள்விக்குறியானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அவர்கள் அந்தப் பெண்களைத் திரட்டி, மாதத்தில் 12 நாள் மட்டுமே மரிக்கொழுந்துப் பாசி எடுப்பது என்று தாங்களாகவே வரம்பு கட்டிக்கொண்டு, அதன் பேரில் துறையோடு பேசி வழி கண்டார். 2015இல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது அவருக்குக் கிடைத்தது. தீவுப் பாதுகாப்பில் தலைமை எப்படி இருக்கும் என்று அறிய விரும்பினால் நீங்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை, மானாமதுரை வழியாக ராமேசுவரம் போகும் ரயிலில் ஏறினால் போதும்.

---

மறுமொழி 3: பள்ளத்தூரான், கோலாலம்பூர்

நாகம்மை அவர்களுக்கு. முந்தைய இருவரும் சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. வெளிநாட்டு முகாம்களைப் பற்றி மட்டும் சற்று வேறுபடுகிறேன். நான் வேலையின் பொருட்டு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கங்களில் அத்தகைய குழுக்களோடு இருந்திருக்கிறேன்.

கட்டணம் வாங்குவது தன்னளவில் தவறன்று. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் அந்தவதுவாக்கா என்ற மீனவ ஊரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வேலை செய்த புளூ வென்சர்ஸ் அமைப்பு, தொடக்கத்தில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் செலுத்திய கட்டணத்தைக் கொண்டே இயங்கியது. 2004இல் ஊர் மக்கள் தங்கள் கணவாய் பிடிக்கும் திட்டுகளில் ஒன்றை மட்டும் ஏழு மாதம் மூடிவைத்தார்கள். நான் சொல்வது எட்டுக்கால் கணவாய், பேய்க்கணவாய் என்பார்களே, அது. அதற்கு ஆயுள் குறைவு, வளர்ச்சி மிக வேகம். ஆகையால் சில மாத ஓய்வே பிடிபடும் எடையில் தெரிந்துவிடும். திறந்த நாளில் கிடைத்ததைப் பார்த்த பக்கத்து ஊர்களும் தங்கள் திட்டுகளை மூட முன்வந்தன. அதிலிருந்து 2006இல் வெலொண்ட்ரியாக்கே என்ற பெயரில் ஊர்கள் கூடி நடத்தும் கடற்பகுதி உருவானது. இங்கே கவனிக்க வேண்டியது, மூடும் இடத்தையும் காலத்தையும் மீனவர்கள் தீர்மானித்தார்கள். தன்னார்வலர்கள் செய்தது முங்கிக் கணக்கெடுப்பதும் அதற்கான செலவைத் தாங்குவதும்தான். பவளத்தைக் காக்க வேண்டும் என்று தொடங்காமல், அடுத்த பருவத்துக்குள் கையில் காசு வரும் உயிரினத்தில் தொடங்கியது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் வழி வேறு. சில்லிமான் பல்கலைக்கழகத்தார் ஆண்டுக்கணக்கில் தீவுக்காரர்களோடு பழகிப் பேசிய பிறகு, 1982இல் பவளப்பாறையின் ஒரு சிறு பகுதியை மட்டும் மீன்பிடிக்காத இடமாக ஒதுக்கினார்கள். அங்கே பலன் தெரிய ஆண்டுகள் ஆயின. பொறுமை இருந்த ஊர், பொறுமையாக இருந்த ஆசிரியர்கள். உங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எனவே வெளிநாட்டு முகாமுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பணத்தில் எவ்வளவு உள்ளூர்ச் சம்பளத்துக்கும் படகுக்கும் போகிறது, எவ்வளவு தலைநகரத்து அலுவலகத்தில் நின்றுவிடுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள். அடுத்ததாக, மீனையோ மரத்தையோ அடையாளம் காணும் தேர்வில் தேறாத தன்னார்வலரின் பதிவை அவர்கள் தரவில் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல முகாம்களில் முதல் வாரம் முழுக்கப் பயிற்சியும் தேர்வுமாகவே போகும். தேறாதவர் சமையலறையிலும் படகுத் துடைப்பிலும் இருப்பார். வந்த அன்றே அளவுநாடாவையும் பலகையையும் கையில் கொடுத்து முங்கச் சொல்லும் இடம் சுற்றுலா நடத்துகிறது.

அந்தமானைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டூரில் 1990 முதல் இயங்கும் கள ஆய்வு நிலையத்தில் ஆமை, பவளம், காடு என்று எல்லா வேலைக்கும் முதுகெலும்பாக இருப்பவர்கள் கரேன் இனத்தார். 1925இல் காட்டு வேலைக்கென்று பர்மாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்து குடியேற்றியவர்களின் வழிவந்தவர்கள். நம் வீட்டு முகப்புத் தூண்களில் நிற்கும் தேக்கும் அதே பர்மாவிலிருந்துதான் கப்பலேறியது. வெப்பமண்டலக் காட்டோடு செட்டிநாட்டுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகளிடம் கப்பல் ஏறும்போதே சொல்லிவிடுவது நல்லது, நாம் அங்கே வெறுங்கையோடு போகும் புனிதர்கள் அல்லர் என்று அவர்களுக்கும் தெரியும். ஜாரவா முதலிய தொல்குடியினரின் ஒதுக்கிடங்களுக்குள் செல்வது 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி குற்றம். அங்கே "சமூகப் பங்கேற்பு" என்பதற்கு ஒரே பொருள், அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுவது.

தலைவர் யாருக்குப் பொறுப்பு என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர்க் கடைகளில் ஆண்டு முடிந்ததும் ஐந்தொகைக் கணக்கு எடுத்து முதலாளிக்குக் காட்டுவார்கள். பாதுகாப்பு வேலையில் முதலாளி அந்த ஊர். குழு கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, வந்த பணம் இவ்வளவு, கூலிக்குப் போனது இவ்வளவு, படகுக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு, செய்த வேலை இது, செய்யாமல் விட்டது இது என்று ஊர் நடுவில் வாசியுங்கள். பெரிய நிறுவனங்கள் இதைச் செய்யத் தயங்கும். நீங்கள் தலைமையேற்பதற்கு இதையே நிபந்தனையாக வைக்கலாம்.

---

மறுமொழி 4: செவிலியர், தேவகோட்டை

பெற்றோருக்கான பொறுப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். காட்டு முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் உண்ணிக்காய்ச்சலையும் எலிக்காய்ச்சலையும் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்டைக்கடி பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. பிய்த்து இழுக்காமல் உப்புத் தூவினால் விழுந்துவிடும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது, அசைக்காமல் நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; அது எந்த ஊரில் இருக்கிறது, இரவில் எந்த வண்டி கிடைக்கும் என்பதை முகாம் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் நேரில் போய் உறுதி செய்திருக்க வேண்டும். ஆழமில்லாத கடலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்தமானில் கழிமுகங்களிலும் ஓடைகளிலும் உவர்நீர் முதலை உண்டு. உள்ளூர்க்காரர் இறங்காத தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. பெண் பிள்ளைகள் வருவதானால் கழிப்பறையும் தனித் தங்குமிடமும் எப்படி என்பதை முன்பயணத்திலேயே பார்த்துவிடுங்கள். இது வசதிக்குறைவு பற்றிய பேச்சன்று. இது சரியில்லாமல் பாதியில் திரும்பிய குழுக்களை எனக்குத் தெரியும்.

---

நாகம்மை, காரைக்குடி

எல்லோருக்கும் மிக்க நன்றி. முன்பயணத்துக்குச் செலவை ஏற்கவும், கிளம்புமுன் கணக்கை ஊரில் வாசிக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டால் மட்டுமே தலைமையேற்பது என்று முடிவு செய்து எழுதிவிட்டேன். முதலாவதுக்குச் சரி என்றார்கள், இரண்டாவதற்கு இன்னும் பதில் இல்லை.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. ஊரில் போய்க் கேட்கும்போது, "களையெல்லாம் கிடக்கட்டும், எங்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வேண்டும்" என்று சொன்னால் என்ன செய்வது? அடுத்து, மாணவர்கள் எடுக்கும் தரவு யாருக்குச் சொந்தம்? நிறுவனத்தின் படிவத்தில் எல்லாம் அவர்களுக்கே உரியது என்று இருக்கிறது.

---

தொண்டிக்கரை

முதல் கேள்விக்கு: அப்படித்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். குழாயை உங்களால் கொண்டுவர முடியாது என்பதை அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பார்க்கிறோம் என்று இழுத்துவிட்டு வந்தால், உங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்கும் அந்த ஊரில் உட்காரப் பாய் கிடைக்காது. ஆனால் மனு எழுதுவது, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, நகலைக் கையில் கொடுப்பது போன்றவற்றை உங்கள் மாணவர்களால் செய்ய முடியும். அவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அதற்கு நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

கரையோரத் துப்புரவு நாள் என்ற ஒன்றையும் உங்கள் திட்டத்தில் பார்த்தேன். வெறுமனே பொறுக்கிப் படம் எடுப்பதாக இருந்தால் வேண்டாம். அறுந்த வலைத் துண்டு, தெர்மாகோல், மது பாட்டில், மருத்துவக் கழிவு என்று தனித்தனியாக எடை போட்டு, எது எங்கிருந்து வருகிறது என்று ஊராட்சிக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் வாருங்கள், தராசு நான் கொண்டுவருகிறேன்.

---

ஓய்வுபெற்ற வனவர், திருப்பத்தூர்

துப்புரவு நாளைப் பற்றித் தம்பி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. படம் எடுத்துக்கொள்வதற்காகவாவது நூறு பேர் கரைக்கு வரட்டும். அவர்களில் பத்துப் பேர் அடுத்த ஆண்டு தராசைத் தேடி வருவார்கள். அது நிற்க.

தரவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் முதன்மையான வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதிவைப்பது. பல ஊர்களில் அந்தப் பதிவேடு யாரோ வெளியாள் வந்து நிரப்பிக் கொடுத்த தாள்களாக அலமாரியில் கிடக்கிறது என்பதே நிலைமை. உங்கள் மாணவர்கள் எடுக்கும் கணக்கைத் தமிழில், உள்ளூர்ப் பெயர்களோடு, இரண்டு படியாக எழுதச் சொல்லுங்கள். ஒன்று நிறுவனத்துக்கு, மற்றொன்று அந்தக் குழுவின் பதிவேட்டுக்கு. மருந்துச் செடி, தேன் எடுக்கும் இடம், அரிய விலங்கின் வளை போன்றவற்றின் இருப்பிடத்தை மட்டும் ஊரார் சம்மதமின்றி எந்தப் படியிலும் எழுதக் கூடாது. அவை வெளியே தெரிந்தால் அடுத்த மாதமே சாக்குப்பையோடு ஆள் வந்து நிற்பான். நிறுவனத்தின் படிவத்தில் "ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கும் உரியது" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கு ஒத்திகை பார்க்க ஆனைமலை வரை போக வேண்டியதும் இல்லை. நம் பக்கத்து அய்யனார் கோயில் காடுகளில் வீரையும் உலக்கைப்பாலையும் காசானும் இன்னும் நிற்கின்றன. அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அந்தக் குதிரைகளைச் செய்யும் வேளாரையும் கோயில் பூசாரியையும் கூட வைத்துக்கொண்டு, ஒரே ஒரு காட்டின் மரங்களை மாணவர்கள் எண்ணி எழுதட்டும். கத்தி, அரிவாள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, சில காடுகளில் செருப்பும் கூடாது. அதைப் பூசாரியே சொல்லுவார். எழுதி முடித்த தாளை அவர்களே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வரட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்க எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தாலே, குழுவில் யாரை மலைக்கு அழைத்துப் போகலாம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.